படிக்கிறாங்க... புரியுதா?

மதிய உணவு முடிந்து தட்டுகளைக் கழுவி அடுக்கியாகிவிட்டது. மதுரைக்குத் தெற்கே, கண்மாய்க் கரையை ஒட்டிய ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்று, பயிற்சித் தாளை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உரக்க வாசிக்கிறாள்.

"கோடையில் ஏரியின் நீர்மட்டம் சரிந்தது. கொக்குகள் வேறு நீர்நிலை நாடிச் சென்றன."

ஓர் எழுத்தில்கூடத் தடுமாற்றம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறிய பிள்ளை அவள். டீச்சர் முகத்தில் பெருமை. அந்தப் பெருமை நியாயமானதுதான்.

"கொக்கெல்லாம் ஏன் பாப்பா போச்சு?" என்று கேட்கிறேன்.

விரல் வரியின் மேல் ஒருமுறை ஓடித் திரும்புகிறது. "தண்ணி மட்டமாப் போச்சுல்ல சார், அதான் அதுகளுக்கு உடம்புக்குச் சேரல."

"நாடின்னா என்னம்மா?"

மணிக்கட்டைப் பிடித்துக் காட்டுகிறாள். "டாக்டரு புடிச்சுப் பார்ப்பாருல்ல, இது."

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் மற்ற பிள்ளைகளுக்கும் அது சரியாகவே பட்டது. 'மட்டம்' என்றால் தரக்குறைவு, 'நாடி' என்றால் டாக்டர் பார்ப்பது. தெரிந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு, கெட்டுப்போன தண்ணீர், நோய்ப்பட்ட கொக்குகள் என்று முழுக் கதை ஒன்றையே கட்டிவிட்டாள். யோசிக்கத் தெரிந்த பிள்ளை அவள். எழுத்தும் வருகிறது. ஆனால், தாளில் இருந்த செய்தி மட்டும் அவளிடம் போய்ச் சேரவில்லை.

எழுத்து வந்தது, அர்த்தம் வரவில்லை

ஒவ்வொரு முறை கல்வி ஆய்வறிக்கை வெளியாகும்போதும் 'நம் பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியவில்லை' என்ற பேச்சு எழும். இரண்டு வாரம் விவாதம் நடக்கும், பிறகு ஓய்ந்துவிடும். அந்த விவாதம் பெரும்பாலும் எழுத்தை அடையாளம் காண்பதோடு நின்றுவிடுகிறது. வாசித்ததைப் புரிந்துகொள்வது வேறு திறன். அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும் என்ற எண்ணமே நம் வகுப்பறைகளில் குறைவு.

அரசு சும்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. அதனால் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கியது. பிள்ளைகளை வகுப்பு பார்த்துப் பிரிக்காமல் கற்றல் நிலை பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் முறை அது. 2023-ல் 'வாசிப்பு இயக்கம்' நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் மெல்லிய கதைப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குத் தந்தது. மூன்றுமே உருப்படியான முயற்சிகள். எழுத்து தெரியாத பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. மேலே நாம் பார்த்த சிறுமி சிக்கி நிற்பது அதற்கு அடுத்த படியில்.

▪ எண்கள் சொல்வது

• பிள்ளைகளின் கற்றல் நிலையை ஆராயும் 'அசர்' ஆய்வு (ஊரகப் பகுதி, அரசு மற்றும் தனியார் பள்ளிகள்): மூன்றாம் வகுப்பில், இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் இந்திய அளவில் 2018-ல் 27.3%, 2022-ல் 20.5%, 2024-ல் 27.1%.

• ஐந்தாம் வகுப்பில் அதே பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2024-ல் 48.8%. அதாவது, பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் மூன்று வகுப்புகள் பின்தங்கி நிற்கிறார்கள்.

• இது உரக்க வாசிக்கும் திறனுக்கான அளவு மட்டுமே. வாசித்தது புரிந்ததா என்ற கேள்வி இதில் இல்லை.

• 2009-க்கான சர்வதேச 'பிசா' தேர்வின் நீட்சியில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றன. வாசித்துப் புரிந்துகொள்வதில் அடிப்படை நிலையை எட்டிய 15 வயது மாணவர்கள் தமிழ்நாட்டில் சுமார் 17%. வளர்ந்த நாடுகளின் சராசரி 81%.

வீட்டுத் தமிழும் ஏட்டுத் தமிழும்

தாய்மொழியில்தானே படிக்கிறார்கள், அப்புறம் என்ன சிரமம் என்று கேட்கலாம். சிரமம் இங்கேதான் இருக்கிறது. வீட்டில் 'மழை வந்துச்சு', புத்தகத்தில் 'மழை பெய்தது'. வீட்டில் 'சாப்ட்டான்', புத்தகத்தில் 'உண்டான்'. வீட்டில் 'அங்க போனா', புத்தகத்தில் 'அவ்விடம் சென்றால்'. ஐந்து வயதுவரை காதில் அதிகம் விழாத ஒரு தமிழை, ஆறாவது வயதில் கண்ணால் படிக்கச் சொல்கிறோம். வீட்டில் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டும் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த ஏட்டுத் தமிழ் முன்பே பழகியிருக்கும். மற்ற பிள்ளைகளுக்கு அது பாதி அந்நிய மொழி. வீட்டில் தெலுங்கோ, உருதோ, சௌராஷ்டிரமோ பேசும் பிள்ளைக்கும், திருப்பூரில் வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைக்கும் முழு அந்நிய மொழி.

எழுத்து முறையும் தன் பங்குக்குச் சோதிக்கிறது. 247 எழுத்துகள் என்று மலைப்பது ஒருபுறம். 'பழம்' என்பதிலும் 'பலம்' என்பதிலும் முதலில் வருவது ஒரே 'ப'தான், ஒலி வேறு. 'பலம்' என்ற சொல்லை முன்பே காதால் கேட்டிருக்கும் பிள்ளைதான் அதைச் சரியாக ஒலிப்பாள். எழுத்து தெரிந்தால் சொல் தானாக வந்துவிடும் என்ற கணக்கு தமிழில் பாதிதான் உண்மை. சொல் தெரிந்திருந்தால்தான் எழுத்தே சரியாக ஒலிக்கிறது.

இன்னொன்றை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். 'மழை பெய்தால் போட்டி நடக்கும்.' 'மழை பெய்தாலும் போட்டி நடக்கும்.' வேறுபாடு ஒரே ஓர் 'உம்'. முதல் வாக்கியத்தைப் படித்தவன் மழைக்குக் காத்திருப்பான், இரண்டாவதைப் படித்தவன் மழையைப் பொருட்படுத்த மாட்டான். வேகமாக வாசிக்கும் பிள்ளைகளில் பலர் இந்த உம்மை மேல் நிற்காமலே போய்விடுகிறார்கள். ஏனெனில், எனினும், மாறாக, இதனால் போன்ற இணைப்புச் சொற்களுக்கும் இதே கதிதான். 'சொல்லும் பொருளும்' பட்டியலில் அருஞ்சொற்களுக்கு இடம் உண்டு, இவற்றுக்கு இல்லை. பத்தியின் போக்கைத் திருப்புவது இந்தச் சின்னச் சொற்கள்தான்.

ஒரே சொல்லுக்குள் இவ்வளவு பொருளைத் தமிழ் அடக்கிவைப்பதால், நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் என்று எல்லா மொழிக்கும் ஒரே அளவு வைப்பதும் பொருந்தாது. மத்திய அரசின் 'நிபுண் பாரத்' திட்டம் மூன்றாம் வகுப்புக்கு நிமிடத்துக்கு 60 சொற்கள் என்று இலக்கு வைத்தது. 'வீட்டிலிருந்துதான்' என்பது தமிழில் ஒரு சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல மூன்று, நான்கு சொற்கள் வேண்டும். 2022-ல் என்.சி.இ.ஆர்.டி. நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வு 20 மொழிகளுக்கும் தனித்தனி அளவுகோல் வகுத்தது சரியான முடிவு. ஆனால் பள்ளிக்கூட அளவில் இன்னும் ஸ்டாப்வாட்ச் வேகம்தான் பேசப்படுகிறது. வேகம் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஒவ்வோர் எழுத்தாகப் போராடும் பிள்ளைக்கு வாக்கியத்தின் கடைசிக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துவிடும். என்றாலும், வேகத்தை அளந்துவிட்டுப் புரிதலைக் கேட்காமல் விடுவதை நான் ஏற்க மாட்டேன்.

நெமிழ் சடுவிய கிருவன்

இந்த வரியைப் படியுங்கள்: 'கிருவன் அந்தத் துமலில் மூன்று நெமிழ்களைச் சடுவினான்.'

கேள்வி 1: கிருவன் எத்தனை நெமிழ்களைச் சடுவினான்? மூன்று. கேள்வி 2: கிருவன் நெமிழ்களை எங்கே சடுவினான்? துமலில். கேள்வி 3: கோடிட்ட இடத்தை நிரப்புக: கிருவன் நெமிழ்களைச் ______. சடுவினான்.

மூன்றுக்கு மூன்று மதிப்பெண். அந்த வாக்கியத்தில் இருக்கும் பெயர், வினைச் சொற்கள் எல்லாம் இந்தக் கட்டுரைக்காகச் சும்மா உருவாக்கியவை. பொருளே கிடையாது. ஆனாலும் விடை வந்துவிட்டது. கேள்வியில் உள்ள சொல்லைப் பாடத்தில் தேடி, பக்கத்தில் இருப்பதை எடுத்து எழுதினால் போதும். நம் 'புக் பேக்' கேள்விகளில் கணிசமானவை இந்த வகை. ஸ்லிப் டெஸ்ட்டும் இதே. பிள்ளை பத்துக்கு ஒன்பது வாங்குகிறாள், ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும் அப்பாவும் மகிழ்கிறார். அவளுக்குப் புரியவில்லை என்பது ஆறாம் வகுப்புவரை யாருக்கும் தெரிவதில்லை.

கணக்கில் விழும் முதல் அடி

தெரியவரும்போது அது தமிழ்ப் பாடத்தில் தெரிவதில்லை, கணக்கில்தான் முதலில் தெரிகிறது.

'ராமுவிடம் 12 மாம்பழங்கள் உள்ளன. இது சீதாவிடம் இருப்பதைவிட 5 குறைவு. சீதாவிடம் எத்தனை மாம்பழங்கள் உள்ளன?' ஒரு வகுப்பில் இதை எழுதிப் போட்டுப் பாருங்கள். 'குறைவு' என்று கண்டதும் கழித்து, 7 என்று எழுதும் பிள்ளைகள் நிறையப் பேர். விடை 17. அவர்களுக்குக் கூட்டல், கழித்தல் இரண்டும் நன்றாகத் தெரியும். 'இது' என்ற சொல் எதைச் சுட்டுகிறது, யாருடையது யாருடையதைவிடக் குறைவு என்பதை வாசித்துப் பிரிக்கத் தெரியவில்லை. உடனே 'கணக்கு வராத பையன்' என்று முத்திரை விழுகிறது. டியூஷனுக்கு அனுப்புகிறார்கள். அங்கே இன்னும் நூறு கழித்தல் கணக்குகள் போட வைக்கிறார்கள்.

அடுத்தது அறிவியல். 'விசை', 'வேலை', 'ஊடகம்', 'அடர்த்தி' எல்லாம் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள். வேலை என்றால் அப்பா போவது, ஊடகம் என்றால் டி.வி. இயற்பியல் பாடத்தில் அதே சொல் வேறு பொருளில் வந்து நிற்கிறது. தெரியாத சொல்லாக இருந்தால் கேட்டிருப்பாள். தெரிந்த சொல்லாக இருப்பதால் கேட்காமலே தவறான பொருளோடு கடந்துபோகிறாள். சமூக அறிவியலில் ஒரு பக்கத்துக்குள் பேரரசு, ஆட்சிமுறை, வரிவிதிப்பு, நிலவுடைமை என்று வரிசையாக வருகின்றன. ஒரு பத்தியில் 100-க்கு 98 சொற்கள் தெரிந்திருந்தால்தான் துணையின்றிப் புரிந்து வாசிக்க முடியும் என்கின்றன மொழிக் கற்றல் ஆய்வுகள். எட்டாம் வகுப்புப் புத்தகத்தின் எந்தப் பக்கத்திலாவது நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த அளவை எட்டுவார்கள்?

எட்ட முடியாதவர்களுக்கு இருக்கும் ஒரே வழி மனப்பாடம். நோட்ஸ், கைடு, 'முக்கிய வினாக்கள்' என்ற தொழிலே இதை நம்பித்தான் நடக்கிறது. பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றுவிடுகிறார்கள். வினாத்தாள் கொஞ்சம் மாற்றிக் கேட்கப்பட்டால் 'அவுட் ஆஃப் சிலபஸ்' என்று அழுதுகொண்டு வெளியே வருகிறார்கள். பாடத்துக்குள் இருந்ததையே வேறு சொற்களில் கேட்டிருப்பார்கள்.

ஆங்கில வழிப் பிரிவுக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்கும் பெற்றோர் ஏராளம். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகியிருக்கின்றன. பெற்றோரின் ஆசையைக் குறை சொல்ல மாட்டேன், உலகம் அப்படி இருக்கிறது. ஆனால், சொந்த மொழியில் வாசித்ததைப் புரிந்துகொள்ளும் பழக்கம் வராத பிள்ளைக்கு இன்னொரு மொழியில் அது எங்கிருந்து வரும்? சுமை இரட்டிப்பாவதுதான் மிச்சம்.

பள்ளியைத் தாண்டியும் இது தொடர்கிறது. 2023-ல் 'அசர்' குழு 14 முதல் 18 வயதுக்காரர்களிடம் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கொடுத்து, அதில் அச்சிட்டிருக்கும் குறிப்பைப் படித்துவிட்டு நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொன்னது. முதல் வகுப்புப் பாடத்தையாவது வாசிக்கத் தெரிந்தவர்களிடம் மட்டுமே இதைக் கேட்டார்கள். மூன்று கேள்விகளுக்காவது சரியாகச் சொன்னவர்கள் மூன்றில் இரண்டு பங்கினர். மீதி ஒரு பங்கு? வயிற்றுப்போக்கில் துவளும் குழந்தைக்கு எத்தனை தண்ணீரில் எவ்வளவு பொடி கலப்பது என்பதை, பாக்கெட் கையில் இருந்தும் தெரிந்துகொள்ள முடியாத இளைஞர்கள் அவர்கள். நகைக் கடன் படிவம், செல்போன் தவணைத் திட்டத்தின் பொடி எழுத்து, மாத்திரை அட்டை, பூச்சிமருந்து டப்பா என்று இந்தப் பட்டியலை நீங்களே நீட்டிக்கொள்ளலாம்.

▪ ஆய்வாளர்கள் கண்டது

• 1986-ல் கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் சொன்னது: வாசித்துப் புரிதல் = எழுத்தை ஒலிக்கும் திறன் × கேட்டுப் புரியும் திறன். இது பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்.

• 1988-ல் ரெக்ட், லெஸ்லி ஆய்வு: பேஸ்பால் பற்றிய பத்தியை மாணவர்களிடம் கொடுத்தார்கள். விளையாட்டை நன்கு அறிந்த, வாசிப்பில் பின்தங்கிய மாணவர்கள், விளையாட்டு தெரியாத 'நல்ல வாசகர்'களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள்.

• 1984-ல் பாலின்சார், பிரவுன்: முன்கூட்டி ஊகிப்பது, கேள்வி எழுப்புவது, புரியாததைத் தெளிவுபடுத்திக்கொள்வது, சுருக்கிச் சொல்வது ஆகிய நான்கையும் பிள்ளைகளே முறைவைத்துச் செய்தபோது புரிதல் கூடியது.

பதினைந்து நிமிடம்

பேஸ்பால் ஆய்வு நமக்கு ஒன்றை உணர்த்துகிறது. ஜல்லிக்கட்டு பற்றிய பத்தியை அலங்காநல்லூர்ப் பிள்ளையிடம் கொடுங்கள். வாடிவாசல், திமில், பிடிகயிறு எதற்கும் அவனுக்கு அகராதி வேண்டாம். வரப்பு, மடை, நாற்று, களை என்று ஐம்பது சொற்களோடு பள்ளிக்கு வரும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளையைச் 'சொல்வளம் குறைந்தவன்' என்று எழுதிவைப்பது பெரிய அநியாயம். அவனிடம் சொல் இருக்கிறது, பாடம் அதைக் கேட்பதில்லை. அந்தச் சொற்களிலிருந்து தொடங்கி ஏட்டுச் சொற்களுக்குப் போவதுதான் வழி.

அதற்குச் செலவில்லாத ஒரு முறை, தினமும் பதினைந்து நிமிடம் ஆசிரியர் உரக்க வாசித்துக் காட்டுவது. பிள்ளைகள் தாமாக வாசிக்க முடிவதைவிட ஒரு படி மேலான கதையாக எடுக்க வேண்டும். ஏட்டுத் தமிழ் முதலில் காதுக்குப் பழகட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. கதையில் 'அவன் கிணற்றடிக்குப் போகத் தயங்கினான்' என்று வருகிறது. தயங்குதல் என்றால் 'ஐயுறுதல்' என்று பலகையில் எழுதினால், தெரியாத சொல் இரண்டாகிவிடும். மாறாக, டீச்சர் வகுப்பு வாசலுக்குப் போகிறார். ஒரு காலை உள்ளே வைத்து, எடுத்து, மறுபடி வைக்கிறார். "உள்ள வரலாமா, வேணாமான்னு நிக்கிறேன் பாத்தீங்களா? தயங்குறேன்." பிறகு கேட்கிறார்: "நீங்க எப்பத் தயங்குனீங்க?" 'ஊசி போட்டுக்கத் தயங்குனேன்', 'பாட்டிகிட்ட காசு கேக்கத் தயங்குனேன்' என்று கைகள் உயர்கின்றன. 'தயங்கினேன்' என்று எழுதும் வடிவத்தையும் உடனே பலகையில் பார்க்கிறார்கள். ஒரு நாளைக்கு இப்படி மூன்று சொற்கள் போதும். மறுநாளும், அடுத்த வாரமும் பேச்சில் அந்தச் சொல் திரும்ப வர வேண்டும். ஒருமுறை பார்த்த சொல் தங்காது.

கேள்வியும் மாற வேண்டும். 'கொக்குகள் எங்கே சென்றன?' என்பதோடு நிறுத்தாமல், 'அந்த ஏரியில் மீன்கள் என்ன ஆகியிருக்கும்?' என்று கேட்கலாம். விடை தாளில் இருக்காது. தாளில் இருப்பது புரிந்தால்தான் சொல்ல முடியும். ஒரு கேள்வி வரியிலிருந்து, ஒரு கேள்வி வரிகளுக்கு இடையிலிருந்து, ஒரு கேள்வி பிள்ளையின் சொந்த அனுபவத்திலிருந்து. தொடக்கப் பள்ளித் தேர்வுத்தாள் இந்த மூன்றுக்கும் சம இடம் தந்தால், வகுப்பறை தானாக மாறும். தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் நாம் சொல்லித்தருகிறோம்.

எழுதப் படிக்கத் தெரியாத அம்மா என்ன செய்வார்?

நிறையவே செய்யலாம். பிள்ளை கதையை வாசித்து முடித்ததும், "என்னடா கதை, எனக்குச் சொல்லு" என்று கேட்டால் போதும். கேட்கும் அம்மாவுக்குக் கதை தெரியாது என்பதே இங்கே பெரிய பலம். பிள்ளை முன்பின் மாறாமல், விட்டுப்போகாமல் சொல்லியாக வேண்டும். "அவன் ஏன் அப்படிப் பண்ணான்?" என்று அம்மா குறுக்கே கேட்டால், பிள்ளை புத்தகத்தைத் திரும்பப் புரட்டுவான். விடுகதை, பழமொழி, பாட்டி சொல்லும் ஊர்க் கதை எல்லாமே சொல்வளம்தான். வேலைக்குப் போய் அலுத்துவரும் பெற்றோரிடம் மணிக்கணக்கில் கேட்கவில்லை. சோறு பரிமாறும் நேரம் போதும், அந்த நேரத்துக்கு மட்டும் செல்போனை ஓரமாக வையுங்கள்.

பீரோவைத் திறவுங்கள்

தமிழில் சிறுவர் புத்தகங்களுக்குப் பஞ்சம் இல்லை. அரசே நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு 'ஊஞ்சல்', ஆறு முதல் ஒன்பது வரை 'தேன்சிட்டு' இதழ்களைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' 1987-லிருந்து வருகிறது. பாரதி புத்தகாலயம், தூளிகா, நேஷனல் புக் டிரஸ்ட் போன்ற பதிப்பகங்கள் படக்கதைகள் போடுகின்றன. 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஊர் நூலகத்துக்கு நம்மில் சொத்து வரி கட்டும் ஒவ்வொருவரும் அதோடு நூலக வரியும் கட்டுகிறோம். விடுதலை பெற்ற இந்தியாவிலேயே முதன்முதலில், 1948-ல், பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது.

இத்தனை இருந்தும், பல பள்ளிகளில் புத்தகங்கள் தலைமை ஆசிரியர் அறையின் இரும்பு பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன. சாவி கேட்டால் வரும் பதில்: "தொலைஞ்சா, கிழிஞ்சா யாரு சார் பதில் சொல்றது? ஸ்டாக் ரிஜிஸ்டர்ல இருக்கே." அந்தப் பயம் பொய்யில்லை. தணிக்கையில் கேள்வி கேட்கப்படும் என்ற அச்சத்தில்தான், கிழியாத புத்தகங்களையும் வாசிக்காத பிள்ளைகளையும் சேர்த்தே பாதுகாத்துவருகிறோம்.

இதைத் தீர்க்கப் புதிய திட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. பிள்ளைகள் கையில் கிழியும் நூலகப் புத்தகங்களை இயல்பான தேய்மானமாகக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், அதற்காக எந்த ஆசிரியரிடமும் விளக்கமோ பணமோ கேட்கப்படாது என்று பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு தலைமை ஆசிரியருக்கும் எழுத்துப்பூர்வமாகத் தெளிவுபடுத்த வேண்டும். பெற்றோர்களே, உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்த மாதம் பீரோவிலிருந்து எத்தனை புத்தகங்கள் பிள்ளைகளோடு வீட்டுக்குப் போயின?